பரவு என்ற மந்திரம்

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே வட்டவட்டமாகக் கட்டிய ஒரு நகரம் இருந்தது. நடுவில் அரண்மனை. அதைச் சுற்றிக் கடைவீதி. அதையும் சுற்றி ஏழைகளின் தெரு.

அரசன் மாறவேள் சித்திராங்கன் என்ற மந்திரவாதியை அழைத்தான்.

"என்னை எல்லோரும் பரவ வேண்டும். தெய்வத்தைப் போற்றிப் பரவுவது போல! அதற்கு மந்திரம் உண்டா?"

"உண்டு, அரசே. நடுவில் நின்று 'பரவு' என்று சொன்னால் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பல பொருள். புகழும் பரவும், மணமும் பரவும், நோயும் பரவும். சொல்பவன் நெஞ்சில் எது இருக்கிறதோ அதுதான் பரவும்."

அரசன் காதில் புகழ் மட்டும்தான் விழுந்தது. "பரவு!" என்றான்.

அவன் நெஞ்சில் இருந்ததோ பயம். முதல் நாள் அரண்மனை நடுங்கியது. சமையல்காரன் சமைத்ததை யாரும் தொடவில்லை. இரண்டாம் நாள் கடைவீதி நடுங்கியது; கதவுகள் எல்லாம் சாத்திக்கொண்டன. மூன்றாம் நாள் ஏழைகளின் தெரு நடுங்கியது.

அந்தத் தெருவில் உப்பு விற்றவன் கொற்றன். "இவன் உப்பில் நஞ்சு!" என்று பக்கத்து வீட்டு முத்தன் முதல் கல்லை எறிந்தான். பிறகு தெருவே எறிந்தது.

கொற்றனின் மனைவி வேம்பரசி அவனை வீட்டுக்குள் இழுத்துப் போட்டு, வைத்தியரைத் தேடி ஓடினாள். எந்த வைத்தியரும் கதவைத் திறக்கவில்லை. ஊர்க் கோட்டை வாசலில் சித்திராங்கன் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். "இந்தப் பயம் எப்படித் தீரும்?" என்று அவனிடம் கேட்டாள்.

"அரசன் மறைத்து வைத்திருப்பதை வாய்விட்டுச் சொன்னால் மந்திரம் முறியும், தாயே."

"நீங்களே போய்ச் சொல்ல வைக்கக் கூடாதா?"

"எனக்கும் பயமாக இருக்கிறதே!"

வேம்பரசிக்கும் பயம்தான். பயந்துகொண்டே நடந்தாள். கடைவீதியில் "போகாதே!" என்றார்கள். நடந்தாள். அரண்மனை வாசலில் "போகாதே!" என்றார்கள். நடந்தாள். அரசன் கட்டிலுக்கு அடியில் கிடந்தான்.

"யார் அனுப்பினார்கள் உன்னை? கத்தி எங்கே?"

"கத்தி இல்லை, மன்னா. என் கையில் இருப்பது என் புருஷன் ரத்தம். உங்கள் நெஞ்சில் இருப்பதைச் சொல்லுங்கள்."

அவன் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டாள். திறக்கவில்லை. மூன்றாம் முறை அவள் கேட்டபோது, அவன் விம்மி அழுதான்.

"என் தம்பிக்குப் பாலில் நஞ்சு வைத்தேன். காய்ச்சலில் செத்தான் என்று ஊரை நம்ப வைத்தேன்."

அந்த நொடியே நகரமெங்கும் தாழ்ப்பாள்கள் திறந்தன. காவலர்கள் அரசனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அமைச்சர்கள் வேம்பரசியின் காலில் விழுந்தார்கள். "இனி நீங்களே எங்கள் அரசி!"

"முதலில் வைத்தியரை அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினாள்.

கொற்றன் இறந்து கிடந்தான். பயம் தெளிந்த தெருவார் தங்கள் கைகளைப் பார்த்தபடி வாசலில் நின்றார்கள்.

பின்னாலேயே பல்லக்கு வந்தது, கிரீடம் வந்தது. வேம்பரசி திரும்பிப் பார்க்கவில்லை.

"பாடை தூக்க நாலு பேர் வேண்டும்" என்றாள்.

முத்தன் முன்னால் வந்து தோள் கொடுத்தான். அவள் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.