ஓர் அடி குறைத்த ஓவியம்

ஓவியப் போட்டியில் தனக்கு முதல் பரிசு அறிவித்த மறுநாள், அருள்விழி ஆசானோடு சண்டை போடத்தான் வந்தாள்.

ஊர்வலங்களுக்குத் தட்டி எழுதியே பலமுறை சிறைக்குப் போனவர் ஓவியர் விருத்தகிரி. அவரிடம் தூரிகை பிடிக்கக் கற்றவள் அவள். இன்று அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை.

"போட்டி தரமில்லையாம், ஐயா. தோற்றவர்களெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். வயிற்றெரிச்சல்!"

"இருக்கும்."

"நீங்களும் வந்து பார்க்கவில்லை. சற்று நேரத்தில் நான் மேடை ஏற வேண்டும். உங்கள் வாயால் சொல்லுங்கள். தரமான போட்டிதானே?"

"தோற்றவன் சொன்னால் பொறாமை. ஜெயித்தவள் வந்து என்னிடம் கேட்கிறாயே, அதுதான் உதைக்கிறது. நடுவர்கள் என்ன சொன்னார்கள்?"

அருள்விழி நிமிர்ந்து நின்று ஒப்பித்தாள். "மண்ணின் பிடியிலிருந்து விடுபட்டு மிதக்கும் பெண்."

"யார், மாரியாயியா?"

ஏரிக்கரைக் குடிசைகளை இடிக்க வந்த இயந்திரத்தின் முன்னால் அசையாமல் நின்றவள் மாரியாயி. அருள்விழி அதை நேரில் பார்த்தாள். பார்த்ததை இதே அறையில்தான் வரைந்தாள்.

விருத்தகிரியின் குரல் எகிறியது. "சேற்றில் கால் புதைய நின்றாளே! எங்கே மிதந்தாள்?"

"கீழே கொஞ்சம் வெட்ட வேண்டியதாயிற்று, ஐயா. நான்கடி உயரத்துக்கு மேல் கூடாது என்று போட்டி விதி."

"எவ்வளவு வெட்டினாய்?"

"ஓர் அடி."

"அளவு நாடாவுக்கு ஓர் அடி. மாரியாயிக்கு இரண்டு."

அவள் முகம் சுண்டியது. அவர் விடவில்லை.

"ஒரு காலைத் தூக்கு."

தூக்கினாள்.

"மற்றதையும் தூக்கு."

"விளையாடுகிறீர்களா, ஐயா?"

"நானா? வீடு இடிபடும்போது ஒருத்தி மிதந்தாள் என்று மூன்று பெரிய மனிதர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். அதற்கு ஒரு மாலை, ஒரு கேடயம், கைதட்ட ஒரு கூட்டம். நான் விளையாடுகிறேனாம்!"

அருள்விழியின் கால் தரைக்கு இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

"அவர்களுக்குக் கண் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்வது? அளவு மீறினால் படத்தை வாசலிலேயே திருப்பியிருப்பார்கள். சொன்ன அளவுக்குள் அடங்கினால்தான் உள்ளே இடம். ஊரெல்லாம் அப்படித்தானே நடக்கிறது?"

விருத்தகிரி பழந்துணியை எடுத்து விரலிலிருந்த சாயத்தைத் துடைத்தார். அவர் குரல் தணிந்திருந்தது.

"அளவு மீறிக் கட்டியிருக்கிறாய் என்று சொல்லித்தான் மாரியாயியையும் நகரச் சொன்னார்கள். அவள் நகர்ந்திருந்தால், நீ எதை வரைந்திருப்பாய்?"

வாசலில் விழாக் குழுவின் கார் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

அருள்விழி அசையவில்லை.