கனவில் சாப்பிட்ட பால்சோறு

மழைக்காலத்தில் அந்த மலை மருத்துவமனைக்குள் பகலிலேயே மூடுபனி நுழைந்துவிடும். கட்டில்கள் மேகத்தில் மிதப்பது போல இருக்கும்.

அங்கே குழந்தைகளின் வலிப்பு நோய்க்கு மருத்துவம் பார்த்தவர் டாக்டர் மெஹருன்னிசா. அவரிடம் கற்க வந்திருந்த டாக்டர் சபாபதி, குருவைவிட வயதில் மூத்த சீடர். தலை நரைத்த பிறகு படிக்க வந்தால் அவசரம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

ஐந்து வயதுக் கயலுக்கு வலிப்பு மருந்தோடு பத்திய உணவும் தொடங்கியிருந்தார்கள். நெய், முட்டை, தேங்காயெண்ணெய் நிறைய. சோறும் சர்க்கரையும் கூடாது. உடம்பு சர்க்கரையை மறந்து கொழுப்பை எரிக்கப் பழகினால் வலிப்பு குறையும் என்று நம்பினார்கள்.

குறையவில்லை. சிறுநீரைச் சோதித்துப் பார்த்தால், உடம்பு இன்னும் சர்க்கரையைத்தான் எரித்துக்கொண்டிருந்தது.

இனிப்பு கொடுத்தது யார் என்று கயலின் தாய் செல்லக்கிளியிடம் சபாபதி கேட்டார். ஒரு பருக்கை கூடக் கொடுக்கவில்லை என்று அவள் அழுதாள். அரைத்தூக்கத்தில் கிடந்த கயல் கண் திறந்தாள்.

"கனவுல பால்சோறு சாப்பிட்டேம்மா. அதனாலயா?"

"கனவுல சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது கண்ணு."

சொல்லிவிட்டு, நிஜமாகவே ஆகாதுதானே என்பதுபோல் செல்லக்கிளி சபாபதியைப் பார்த்தாள். அவர் குருவைத் தேடிப் போனார்.

"அந்த அம்மா பத்தியம் காக்கமாட்டாங்க மேடம். உணவை நிறுத்திட்டு மருந்தைக் கூட்டிடலாமா? ரெண்டும் சேர்ந்து சரிப்படலை."

மெஹருன்னிசா எழுந்து நர்ஸ் மேசைக்கு நடந்தார். கயலுக்குக் கொடுத்துவந்த வலிப்பு மருந்துப் பாட்டிலைத் திறந்து, சபாபதியின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். குழந்தைகள் துப்பாமல் குடிக்கட்டும் என்று சர்க்கரைப் பாகில் கலந்த மருந்து. தித்தித்தது.

பனி ஜன்னல் வழியே வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. சபாபதிக்கு வெட்கமாக இருந்தது.

"அளவு குறையாம, சர்க்கரை இல்லாத மாத்திரையா மாத்திடறேன்," என்றார். "அந்த அம்மாகிட்ட என்ன சொல்றது மேடம்?"

"இனிப்பு கொடுத்தது யாருன்னு கேட்டீங்களே. மருந்து எழுதினது நீங்க, கையெழுத்துப் போட்டது நான். வாங்க, ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்."