பச்சைப் பலகை

பள்ளத்தாக்கிலிருந்து மூன்று மலைப்பாதைகள் ஏறுகின்றன. மூன்றாவது செங்குத்தானது. அதில் விழுகிறவர்களைக் கீழே சுமந்து வருவது வனக்காவலர் நஞ்சனின் வேலை. இந்த மாதம் மட்டும் நான்கு பேர்.

புதிதாக வந்த அதிகாரி சொன்னார்: "மூணாவதுக்கும் 'எளிது'ன்னு பச்சைப் பலகை வை. கூட்டம் வரணும். முடியலைன்னா வேலையை விட்டுப் போ."

"வெச்சிடலாங்க ஐயா. எடம் காட்ட அதிகாரி வர்றதுதானுங்க வழக்கம்."

நஞ்சன் பலகையைத் தோளில் சுமந்து பின்னால் நடந்தார். இரண்டாம் வளைவிலேயே அதிகாரி மூச்சிரைத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். நஞ்சன் அங்கேயே குழி தோண்டினார்.

"இங்க எதுக்குய்யா?"

"எளிதுங்கறது இதுவரைக்குந்தானுங்க ஐயா."

அதிகாரி மேலே நிமிர்ந்து பார்த்தார். ஏற்றம் முடிகிற இடம் தெரியவில்லை.

"செவப்பு அடிச்சிரு" என்றார். எழுந்திருக்க முயன்றார், கால் நிற்கவில்லை.

நஞ்சன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஐந்தாவது ஆளுக்காகக் குனிந்து முதுகைக் கொடுத்தார்.