கரை மாறிய காவல்

முன்னொரு காலத்திலே ஒரு ராஜ்யம். அதன் நடுவே ஓர் ஆறு. எந்த ஆற்றுக்கும் கரை இரண்டுதான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். வடகரையான் தென்கரையானை நம்ப மாட்டான். தென்கரையில் வடகரைக்குப் பெண் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே பதில்தான்: "அவங்க சரியில்லைங்க."

இந்தச் சரியில்லாமையை வைத்து இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டார்கள். வடகரையில் இடும்பன், தென்கரையில் கருக்குவேல். ஆளுக்கொரு வேல்படை வைத்திருந்தார்கள். அரசருடைய படை இல்லை, சொந்தப் படை. அக்கரைத் திருடர்களிடமிருந்து உங்களைக் காப்பாற்றுகிறோம் என்று வீட்டுக்கு வீடு காவல் நெல் வாங்குவார்கள். கொடுக்காதவன் வீட்டு மாடு மறுநாள் தொழுவத்தில் இருக்காது. "பார்த்தியா, அக்கரையான் வேலை" என்பார்கள். மாட்டைப் பறிகொடுத்தவன் அழுதுகொண்டே நெல்லை அளந்துவிடுவான்.

அக்கரையான் வேலையா அது? கதையைக் கேட்க வந்த உங்களிடம் மறைப்பானேன்! இடும்பனும் கருக்குவேலும் பகையாளிகள் என்பதெல்லாம் ஊருக்குத்தான். இவன் கரையில் இவன் ஆட்களே பிடித்த மாடு அவன் கரைக்கு ஓடத்தில் போகும். அவன் பிடித்தது இவன் பக்கம் வரும். ஆற்றைத் தாண்டிய மாட்டுக்கு வீட்டு வழி தெரியாதல்லவா? அரசரின் படைத்தலைவரான தளவாய் நரசப்பையா வீட்டு நெற்குதிருக்கு மட்டும் இரண்டு கரையிலிருந்தும் வழி தெரிந்திருந்தது.

அந்த ராஜாவுக்கு ஒரு நாள் காலையில் ஓர் ஆசை வந்தது. ராஜாக்களுக்கு ஆசை காலையில்தான் வரும். மாலைக்குள் அது மற்றவர்களுக்கு வேலையாகிவிடும். சபையைக் கூட்டினார்.

"போன ஆடிப்பெருக்கில் நாம் படகில் போனோம். படகு ஒரு முழம் வடக்கே ஒதுங்கியதும் தென்கரையிலிருந்து கல் வந்தது. ஒரு முழம் தெற்கே ஒதுங்கியதும் வடகரையிலிருந்து வேல் வந்தது. மகாராணி தன் மடியில் விழுந்த கல்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். தினமும் நம்மிடம் காட்டுகிறாள். வருகிற ஆடிப்பெருக்கன்று இரண்டு கரையிலும் ஒருவன் கையிலும் வேல் இருக்கக் கூடாது. யார் செய்து முடிப்பீர்?"

சபையில் எல்லோருக்கும் திடீரென்று தரையில் ஏதோ தெரிந்தது, குனிந்துகொண்டார்கள். தளவாய் மட்டும் எழுந்தார். அரண்மனை விகடகவி தாண்டவராயனை அவருக்குக் கண்டாலே ஆகாது.

"அரசே, விகடகவியைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் வேலைப் பறிக்கக் கூடாது, கலகம் வரும். விலைக்கு வாங்கக் கூடாது, கஜானா தாங்காது. ஒடிக்கவும் கூடாது. வேல் முருகனுக்கு உரியது, பாவம். முடியாவிட்டால் அவர் குடும்பத்தோடு ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டிப் போய்விடட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. பிறர் தலையில் கட்டுகிற காரியத்தில் அவர் யோசிப்பதே இல்லை.

தாண்டவராயன் வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னான். அவன் மனைவி அங்காயி வடகரைப் பெண். பகை முற்றுவதற்கு முன்பே கல்யாணமாகித் தென்கரைக்கு வந்தவள். அதன்பின் துறையில் வேல்காரர்கள் நின்றுகொண்டதால் தாய்வீட்டுக்குப் போக முடியவில்லை. தினமும் காலையில் அவள் இக்கரைத் துறையில் நிற்பாள். அவள் அம்மா அக்கரைத் துறையில் நிற்பாள். என்ன குழம்பு என்று இருவரும் ஆற்றுக்கு மேலே கத்திப் பேசிக்கொள்வார்கள். கார்த்திகைக்குப் பிறகு அம்மா துறைக்கு வரவில்லை. இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

"நாடு கடத்தினா கடத்தட்டும். அதுக்கு முன்னாடி எங்கம்மா முகத்தை ஒரு தடவை பார்க்க வழி பண்ணுங்க. ஊரையெல்லாம் சிரிக்க வைக்கிறீங்க, நான் அழுதது உங்க கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள் அங்காயி.

அவளைப் பார்க்கவே தாண்டவராயனுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் இடும்பனும் கருக்குவேலும் சபைக்கு வந்தார்கள். காவல் உரிமையைச் செப்புப் பட்டயத்தில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். ஏற்பாடு தளவாயுடையது. பட்டயம் கையில் இருந்தால் வேலைக் கீழே வைக்கச் சொல்ல யாருக்கும் வாய் இருக்காது, விகடகவி தொலைந்தான் என்பது அவர் கணக்கு.

தாண்டவராயன் கைகட்டி முன்னால் வந்தான். "இடும்பரே, உங்கள் கரையில் திருடர்கள் உண்டா?"

"என் கரையிலயா? குலசாமி சத்தியமா ஒருத்தன் கிடையாது. திருட்டுப்பயலுக அத்தனை பேரும் தென்கரையிலதான்."

"கருக்குவேலரே, உங்கள் பக்கம்?"

"எங்க பக்கம் கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம். களவாணிங்க பூரா வடகரை. இதுவும் சத்தியம்."

தாண்டவராயன் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டான். "அரசே, கேட்ட உரிமையைக் குறைக்காமல் கொடுங்கள். ஆனால் திருடன் இல்லாத இடத்தில் காவல் எதற்கு? வீண் செலவு. திருடர்கள் தென்கரையில் இருப்பதாக இடும்பர் சத்தியம் செய்கிறார். தென்கரைக் காவலை அவருக்குக் கொடுங்கள். வடகரைக் காவல் கருக்குவேலருக்கு. பழைய காவல் வழக்கப்படி, காவலில் களவு போன பொருள் கிடைக்காவிட்டால் காவல்காரர் தம் வீட்டுப் பொருளை ஈடாகத் தரவேண்டும். இரவுக் காவலுக்குத் தலைவரும் துணைக்கு நாலு பேரும் அக்கரை போனால் போதும்."

இரண்டு தலைவர்களும் தளவாயைப் பார்த்தார்கள். தளவாய் உத்தரத்தைப் பார்த்தார். சபையறியச் செய்த சத்தியத்தை விழுங்க முடியுமா? பட்டயத்தை வாங்கிக்கொண்டு, புளியைக் கரைத்துக் குடித்த முகத்தோடு போனார்கள்.

ஆனால் கருக்குவேல் லேசுப்பட்டவனில்லை. 'தென்கரையில் மாடு போனால் இடும்பன்தானே ஈடு கொடுக்கணும்? போகட்டுமே' என்று தன் ஆட்களை விட்டுத் தன் கரை மாடுகளையே பிடிக்கச் சொன்னான். அக்கரையில் இடும்பனும் அச்சு அசலாக அதையே நினைத்தான். அத்தனை காலம் சேர்ந்து தொழில் செய்தவர்கள் அல்லவா!

பிடித்தாயிற்று, எங்கே வைப்பது? முன்பென்றால் ஓடத்தில் ஏற்றி அக்கரைக் கூட்டாளிக்கு அனுப்பலாம். இப்போது ஈடு கொடுக்க வேண்டியவனே அந்தக் கூட்டாளி. அவனிடம் அனுப்பினால் மாட்டைச் சொந்தக்காரனிடம் கொடுத்து நல்ல பெயர் வாங்கிவிடுவான். வேறு வழியில்லாமல் கருக்குவேல் மாடுகளைத் தன் கொல்லைத் தொழுவத்திலேயே கட்டினான்.

தலைவன் அக்கரையில் காவலுக்குப் போன நேரம். கட்டிய பயல்கள் தூக்கக் கலக்கத்தில் முடிச்சைச் சரியாகப் போடவில்லை. விடிந்ததும் பால் கறக்கிற நேரம். மாடுகளுக்கு மடி கனத்தது. கன்றுகள் அந்தந்த வீட்டில் கத்தின. பகையும் அரசியலும் மாட்டுக்கு என்ன தெரியும்? முதலில் கொம்பு மழுங்கிய ஒரு செவலை கயிற்றை உருவிக்கொண்டு கருக்குவேல் வீட்டு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கியது. பின்னாலேயே மற்றவை வந்தன. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

செவலைக்குச் சொந்தக்காரி பொன்னாத்தா இடுப்பில் கை வைத்தாள். "ஏண்டா கருக்குவேலு பயலுகளா, அக்கரையான் களவாண்ட மாடு உங்க தலைவன் வீட்டுக்குள்ள இருந்து வருதே, ஆறு எப்படா உங்க கொல்லைக்கு வந்துச்சு?"

தெருவே சிரித்தது. அதுவரை கருக்குவேல் பெயரைச் சொல்லவே பயந்தவர்கள் சிரித்தார்கள். அன்று தென்கரையில் யாரும் காவல் நெல் அளக்கவில்லை. வடகரையிலும் இதே கூத்துதான். அங்கே முதலில் வந்தது ஓர் எருமை. பழைய களவுக்கெல்லாம் ஈடு கேட்டு ஊரே அவர்கள் வாசலில் வந்து நின்றதும், இரண்டு தலைவர்களும் பட்டயத்தைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்கள். "சாமி, காவலே வேண்டாம், எடுத்துக்குங்க" என்று காலில் விழுந்தார்கள். ஈடு கொடுத்த பிறகு எஞ்சிய சொந்த மாட்டோடு பிழைத்துக்கொள்ளும்படி ராஜா அனுப்பிவிட்டார். இரண்டு கரைக்கும் சேர்த்து, இரண்டு கரை ஆட்களையும் கொண்ட அரண்மனைக் காவல் வந்தது.

தளவாய் விடவில்லை. "தலைவர்கள் போனார்கள், சரி. வேல் பிடித்த பையன்கள் கையில் வேல் இருக்கிறதே! புதிதாய் ஒருவன் வந்து கூப்பிட்டால் அவன் பின்னால் போவார்கள்."

சொன்னது தளவாய்தான் என்றாலும் சொன்னது உண்மை. தாண்டவராயன் ராஜாவைத் தனியே பார்த்தான்.

"அரசே, கோபிக்காமல் கேளுங்கள். மடைத் தண்ணீருக்குச் சண்டை வந்தால் ஜனங்கள் யாரிடம் போனார்கள்? இடும்பனிடம். ஏன்? அவன் கூப்பிடு தூரத்தில் இருந்தான். நீங்கள் கடைசியாக எப்போது ஒரு வழக்கைக் கேட்டீர்கள்?"

ராஜா மீசையைத் தடவினார். வெகுநேரம் தடவினார். "நினைவில்லை" என்றார்.

"பையன்கள் ஏன் வேல் பிடித்தார்கள்? சொந்தமாக உழ ஒரு குழி நிலம் இல்லை. வேல் பிடித்தால் கஞ்சியாவது கிடைத்தது. கஞ்சி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நிற்பார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு நடுத்திட்டைக் கொடுங்கள்."

ஆற்றின் நடுவே எந்த வெள்ளமும் ஏறாத மேட்டுத் திட்டு ஒன்று இருந்தது. கறுப்பு வண்டல். ஆனால் இரண்டு கரையும் எனக்கே என்றதால் முள் மண்டிக் கிடந்தது. மறுநாள் தமுக்கு அடித்துச் சொன்னார்கள்: வேல் வைத்திருக்கிற எவரும் நடுத்திட்டில் நிலம் கொள்ளலாம். எல்லைக்கல் கிடையாது. அவரவர் வேலையே மூலையில் நட்டு எல்லை காட்ட வேண்டும். வேல் நிற்கும்வரை நிலம் அவருடையது. வேலைப் பிடுங்கினால் நிலம் அரண்மனைக்கு. வெள்ளிக்கிழமைதோறும் ராஜாவே திட்டுக்கு வந்து இரண்டு கரை வழக்கையும் கேட்பார்.

முதல் நாள் யாரும் வரவில்லை. பிறகு ஒருவன் வந்து முள்ளை வெட்டினான். அவனுக்கு மட்டும் கிடைத்துவிடுமோ என்று மற்றவர்கள் விழுந்தடித்து வந்தார்கள். தாண்டவராயன் தென்கரையானுக்குப் பக்கத்தில் வடகரையான், அவனுக்குப் பக்கத்தில் தென்கரையான் என்று நிலம் அளந்து கொடுத்தான். வைகாசிக்குள் நடுத்திட்டில் ஓயாத சண்டை. ஆனால் கரைச் சண்டை இல்லை, வரப்புச் சண்டை. அதற்கு வேல் எதற்கு, வாய் போதும்.

ஆடிப்பெருக்கும் வந்தது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ராஜா படகில் ஏறினார். மகாராணி அந்தக் கல்லைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். தாண்டவராயன் படகின் ஓரத்தில் அங்காயியோடு உட்கார்ந்திருந்தான். அவர்கள் மூட்டைமுடிச்சும் அங்கேயே இருந்தது. தோற்றால் அப்படியே எல்லைக்குப் போக வேண்டும் என்று தளவாய் சொல்லியிருந்தார்.

படகு வளைவைத் தாண்டியதும் தளவாய் துள்ளி எழுந்தார். "அரசே, பாருங்கள்! திட்டு முழுக்க வேல்! காடாக நிற்கிறது! விகடகவி நம்மைக் கொல்லப் பார்க்கிறார்!"

ராஜா குடைக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்காயி புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கிட்டப் போங்கள்" என்றான் தாண்டவராயன், ஓடக்காரரிடம்.

கிட்டப் போனார்கள். வேல்கள்தான். ஒவ்வொரு வேலிலும் பீர்க்கங்கொடி ஏறியிருந்தது. சிலவற்றில் கூடவே புடலை. முனையெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பூ.

"அரசே, கையில் வேல் இருக்கக் கூடாது என்றீர்கள். யார் கையிலாவது இருக்கிறதா?"

"ஏமாற்று வேலை!" என்று கத்திய தளவாய், திட்டின் ஓரத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவனைக் கூப்பிட்டார். "ஏய்! தளவாய் உத்தரவிடுகிறேன். உன் வேலைப் பிடுங்கி எடு!"

அவன் முன்பு இடும்பனிடம் இருந்தவன். பதறிப்போனான். "ஐயையோ! பிடுங்கினா எல்லை போயிடுமே சாமி! இந்தத் தென்கரையான் ஏற்கெனவே ஒரு சாண் உள்ள வந்துட்டான். அதுவுமில்லாம இப்பத்தான் பிஞ்சு விட்டிருக்கு. பச்சைக் கொடியைப் பிடுங்கச் சொல்றீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"எவன்டா ஒரு சாண் வந்தது?" என்று பக்கத்து நிலத்துக்காரன் எழுந்தான். இருவரும் தளவாயை மறந்துவிட்டு ஆரம்பித்தார்கள்.

ராஜா சிரிக்கத் தொடங்கினார். குடை ஆட, படகு ஆடச் சிரித்தார். மகாராணியும் சிரித்து, அந்தக் கல்லை ஆற்றில் போட்டாள். அதைப் பார்த்ததும் ராஜாவுக்கு உண்மையிலேயே உயிர் வந்தது.

"தாண்டவராயா, என்ன வேண்டும்? பொன்னா, பட்டா?"

"துறையை எல்லோருக்கும் திறந்து விடுங்கள் அரசே. முதல் ஓடத்தில் என் மனைவி போகட்டும்."

"பொன்னும் தந்தோம், துறையும் திறந்தோம்" என்றவர் தளவாய் பக்கம் திரும்பினார். "தளவாயாரே, திட்டின் பாதுகாப்பில் உமக்கு இவ்வளவு அக்கறை இருப்பது இன்றுதான் தெரிந்தது. இனி நடுத்திட்டுக் காவல் உம்முடையது. பழைய வழக்கப்படிதான். ஒரு பீர்க்கம்பிஞ்சு குறைந்தாலும் உம் வீட்டுக் குதிரிலிருந்து ஈடு."

அங்காயி வடகரைத் துறையில் இறங்கி ஓடினாள். தாய்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தாள். உள்ளே அவள் அம்மா முழங்காலில் பச்சிலைப் பத்துப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்தாள். அழவில்லை.

"படியில விழுந்து கால் போச்சு, துறைக்கு வர முடியல. ஏண்டி, கத்திக் கத்திப் பேசினியே, இந்தப் பக்கம் வர இவ்வளவு நாளா?" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இன்னிக்கு என்ன குழம்பு?"

"பீர்க்கங்காய்" என்றாள் அங்காயி.