வழுக்குப்பாறைக்கு ஏற்ற டயர்

"பாறையில வழுக்காத டயர் எது டீச்சர்?"

சன்னாசி கேட்டபோது செசிலி டீச்சர் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"எந்தப் பாறையில?" என்று கேட்டன பாதங்கள்.

"வழுக்குப்பாறையில."

பாதங்கள் சற்று நேரம் யோசித்தன.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் இல்லை. பாறை மேல் வண்டி ஏற்றக் கற்றுக்கொடுப்பவர். அந்த மலையில் ஸ்டீயரிங் பிடிக்கிற எல்லாருமே ஒரு தடவையாவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். வயதில் சன்னாசிக்கு இளையவர்தான். ஆனாலும் அவர் நாற்காலியைக் காட்டினால்கூட சன்னாசி உட்கார மாட்டான்.

"இதுவரைக்கும் என்னென்ன டயர் போட்டீங்கண்ணே?"

"முதல்ல பெரிய பட்டன் டயர். சேத்துல சும்மா பிச்சுக்கிட்டுப் போச்சு. ஈரப்பாறையில கால் வச்சதும் எண்ணெயில மிதிச்ச மாதிரி ஆயிருச்சு."

"அப்புறம்?"

"ரோட்டுக்கும் ஆகும், காட்டுக்கும் ஆகும்னு ஒண்ணைத் தலையில கட்டுனான். ரெண்டுக்கும் ஆகல."

"இப்ப?"

"இப்ப மெத்து ரப்பர். இது பரவாயில்ல டீச்சர். மேட்டுல கொஞ்சம் பின்னால உருளும். ஆனா ஒரு சாண் உருண்டதும் டொக்குனு கவ்விக்கும். அப்படியே நின்னுரும்."

டீச்சர் வெளியே ஊர்ந்து வந்தார். மூக்கில் கிரீஸ்.

"கவ்வுதா?"

"கவ்வுது."

"அப்ப வேற டயர் எதுக்கு?"

சன்னாசி மலையைப் பார்த்தான். மலை அங்கே இல்லை. மேகம் அதை விழுங்கிவிட்டு நிம்மதியாகக் கிடந்தது.

"பவளம் வண்டியில இருக்க மாட்டேங்குறா டீச்சர்."

பவளக்கொடி அவன் மனைவி. மலை உச்சியில் மேகமேட்டில்தான் இருவரும் குடியிருந்தார்கள். சந்தைக்கு இறங்கினாலும் ஏறினாலும் அவன் பக்கத்தில் அவள்தான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். போன மழைக்காலத்தில் ஜீப் வழுக்குப்பாறையில் பின்னால் சரிந்து, ஒரு மரம் தடுத்ததால் இருவரும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து ஏற்றத்தில் பாறை வந்ததும் அவள் இறங்கிவிடுகிறாள். "நீங்க போங்க, நான் நடந்து வாரேன்" என்கிறாள். பாறையைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்கிறாள்.

சொந்தப் பெண்டாட்டியே நம்பாத வண்டி என்று ஊர் சிரித்தது. அதை அவன் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டான். அந்தக் கதவுச் சத்தத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு முறை அவள் கதவைச் சாத்தும்போதும் நெஞ்சில் ஏதோ அறுந்து விழுந்தது.

"வழுக்கவே வழுக்காத டயர் ஒண்ணு சொல்லுங்க. அவ இறங்காம இருக்கணும். எனக்கு அது போதும்."

டீச்சர் அவன் ஜீப்பின் பின்சக்கரத்துக்கு அருகே குந்தினார். ரப்பரைத் தடவினார். அதன் வெட்டுப்பள்ளங்களுக்குள் விரலை விட்டு எதையோ நோண்டி எடுத்துப் பார்த்தார். கல்துகள்.

"பவளம் அக்கா கையைப் பாத்திருக்கீங்களாண்ணே?"

டயரைக் கேட்டால் கையைக் கேட்கிறாரே என்று சன்னாசிக்கு எரிச்சலாக வந்தது.

"கைக்கு என்ன டீச்சர்?"

"நாளைக்கு நான் ஓட்டுறேன். நீங்க நடந்து வாங்க."

மறுநாள் காலையில் சந்தையிலிருந்து மூவரும் ஏறியபோது மேகம் பாதையிலேயே படுத்திருந்தது. ஜீப்புக்குள் ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கமாக வெளியேறியது. பவளம் ஒரு வார்த்தைதான் பேசினாள். அதுகூட எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. பின்னால் அரிசி மூட்டைகள் கூரைவரை நிறைந்திருந்தன.

பாறைக்குக் கீழே டீச்சர் வண்டியை நிறுத்தினார். இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை இறக்கினார். மலை பெருமூச்சு விடுவதுபோல் அந்தச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

சன்னாசி பதறினான். "ஐயோ டீச்சர், நான் கல்லு மாதிரி அடிச்சு வச்சிருந்தேன்!"

"கல்லு மாதிரி இருந்தா கல்லை எப்படிண்ணே பிடிக்கும்?"

அவன் குனிந்து பார்த்தான். டயர் பாறை மேல் அகலமாக உட்கார்ந்திருந்தது. ஓ, இதுதானா என்று அவன் முகம் மலர்ந்தது.

"இது பாதிதான்" என்று சொல்லிவிட்டு டீச்சர் மறுபடி ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார்.

பவளம் வழக்கம்போல் இறங்கிக் கதவைச் சாத்தினாள். சன்னாசியும் இறங்கி நிற்பதைக் கண்டு திடுக்கிட்டாள்.

"நீங்க எதுக்கு இறங்குறீங்க?"

"டீச்சர் என்னையும் நடந்து வரச் சொன்னாங்க."

அவள் முகம் மாறியது. "அப்ப நீங்க முன்னால போங்க. மேல போய் நில்லுங்க. பின்னால வராதீங்க."

அவனும் நடந்தான். நாலு எட்டு வைப்பதற்குள் உலகம் வெள்ளையாகிவிட்டது. அவன் கையே அவனுக்குத் தெரியவில்லை. கீழே எஞ்சின் முனகியது. சக்கரம் அவசரமில்லாமல் பாறையைத் தேய்க்கும் சத்தம் மட்டும் மெல்ல மெல்ல மேலே வந்தது.

பவளத்தின் காலடி கேட்கவில்லை.

சன்னாசி நின்றான். திரும்பினான். கையால் மேகத்தைத் துழாவிக்கொண்டு இறங்கினான்.

ஜீப்பின் பின்பக்கம் தெரிந்தது. பின்சக்கரத்துக்குக் கீழே, சரிவில், ஒரு உருவம் குனிந்திருந்தது. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள் பவளம். இரண்டு கையாலும் ஒரு கல்லைப் பிடித்திருந்தாள். சக்கரம் ஒரு சாண் ஏறினால் அவளும் கல்லை ஒரு சாண் நகர்த்தினாள். புகை அவள் முகத்திலேயே அடித்தது. வண்டி சரிந்தால் அவள் ஒதுங்குவதற்கு அங்கே இடமே இல்லை.

மேட்டின் முனையில் ஜீப் தயங்கியது. மெல்லப் பின்னால் உருண்டது.

டொக்.

சன்னாசிக்கு அந்தச் சத்தம் தெரியும். டயர் கவ்வுகிற சத்தம் என்று டீக்கடையில் அதைப் பற்றி எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறான்.

பவளம் சக்கரம் முட்டிய கல்லிலிருந்து விரல்களை உருவிக்கொண்டு அவற்றின் மேல் ஊதினாள். எஞ்சின் மறுபடி மூச்சைப் பிடித்தது. ஜீப் மேட்டைத் தாண்டி மேகத்துக்குள் போய்விட்டது.

சன்னாசி ஈரப்பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவள் அப்போதுதான் அவனைப் பார்த்தாள். திருடும்போது பிடிபட்டவள்போல் சட்டென்று கல்லைக் கீழே போட்டாள்.

அவன் அவள் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தான். விரல் முட்டிகளெல்லாம் தோல் உரிந்து, ஆறிய தழும்பின் மேலேயே புதுக்காயம். தினமும் இந்தக் கை போட்ட சோற்றைத்தான் தின்றிருக்கிறான். ஒரு நாளும் பார்த்ததில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை.

மேலே, வெண்மைக்குள் எங்கோ, டீச்சர் எஞ்சினை அணைத்தார். மலை முழுக்க அமைதியாகிவிட்டது.

"நீ பயந்துக்கிட்டுதான் இறங்குறன்னு நினைச்சேனே பவளம். இத்தனை நாளா ஏன் சொல்லல?"

அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"சொன்னா நீங்க கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு ஓட்டுவீங்க. அப்புறம் பாறையை யாரு பாக்குறது?"