பாதி ஓட்டத்தில் நின்ற மாப்பிள்ளை

மந்தைப்பட்டியில் மூன்று பேர் தினமும் காலையில் ஓடுவார்கள். மாயழகு, ஒச்சு, சன்னாசி. சும்மா சொல்லக் கூடாது, மூன்று பேருக்கும் நல்ல கால். ஓடுகிறவரைக்கும் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நின்று யோசிக்க ஆரம்பித்தால்தான் வம்பு.

பஸ் ஸ்டாப்பில் கிளம்பி, ரயில்வே கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது வழக்கம். தீபாவளிக்கு லீவு விட்டவர்கள், வீட்டில் முறுக்கும் அதிரசமும் தீருகிறவரை நகரவே இல்லை. தீர்ந்த பிறகு தொப்பையோடு பி.டி. வாத்தியார் சவரிமுத்து முன்னால் போய் நின்றார்கள். அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுத்த எடுப்புல பழையபடி ஓடிராதீங்கடா. நாளைக்குப் பாதி தூரம் போதும். அதுக்கு மேல ஒரு அடி வைக்கக் கூடாது."

அந்த நாளைக்குத்தான் மாயழகுக்கு நிச்சயதார்த்தம். பெண் செல்வராணிமேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. அவள் அப்பா வீரணனோ மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன். ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை மண்டபத்தில் இல்லையென்றால் தட்டோடு திரும்பிவிடுவேன் என்று சொல்லியே வைத்திருந்தார். விடியக்காலையில் ஓடிவிட்டு வந்து குளித்துக்கொள்ளலாம் என்று மாயழகு நினைத்தான்.

மறுநாள் கேட்டைத் தொட்டதும் ஒச்சு டக்கென்று நின்றுவிட்டான். பாதி முடிந்துவிட்டதாம். மற்ற இருவரும் யோசித்துப் பார்த்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. திரும்பிப் போவது மறுபாதி ஆயிற்றே. நடந்து போனாலும் அடி வைத்தாக வேண்டும். மூவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சன்னாசிதான் முதலில் வழி கண்டுபிடித்தான். "நாளைக்கு இங்கேருந்து கிளம்புவோம். பாதியில ஊர் வந்துரும்."

"நிச்சயம் இன்னைக்குல்லடா" என்றான் மாயழகு.

ஒச்சு வெகுநேரம் யோசித்தான். "நாளைக்குத் தள்ளி வைங்கன்னு ஓடிப்போய்ச் சொல்லிட்டு, மறுபடி இங்கே வந்து உக்காந்துக்கலாம். ஆனா அதுக்கும் போகணுமே."

வெயில் ஏற ஏற மாயழகுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செல்வராணி இன்னொருத்தனுக்கு வாக்கப்பட்டுப் போவதுவரை நினைத்துப் பார்த்துவிட்டான் பாவம்.

அப்போது கேட்டை மூடினார்கள். ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் பி.டி. வாத்தியார். நடந்ததைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மக்குப் பயலுகளா, முழுசாவே ஓடித் தொலைங்கடா."

ரயில் போனது, கேட் திறந்தது, பஸ்ஸும் வாத்தியாரோடு போய்விட்டது.

உத்தரவு கிடைத்த சந்தோஷத்தில் மூவரும் பறந்தார்கள். பாதி வழியில் சன்னாசிக்கு ஒரு சந்தேகம். முழுசு என்றால் போய்த் திரும்புவதல்லவா? காலையில் ஓடியது பழைய உத்தரவு, அது இதில் சேராது என்று ஒச்சு தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே இருந்தது. வீரணன் கோபத்தோடு எழுந்த அதே நேரத்தில் மாயழகு வேர்வை சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. செல்வராணி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மாயழகும் சிரித்தான். சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பந்தக்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடினான்.

வீரணன் தோளில் கிடந்த துண்டை உதறி எறிந்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விரட்டினார். அவர் பின்னால் தட்டோடு செல்வராணி, அவள் பின்னால் இரண்டு வீட்டுச் சொந்தமும் ஓடியது.

ரயில்வே கேட்டில்தான் மாப்பிள்ளையின் சட்டை வீரணன் கைக்கு அகப்பட்டது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது.

மாயழகுக்கு மனசு கேட்கவில்லை. அவரைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தான்.

"பழக்கமில்லாம முதல் நாளே இவ்வளவு ஓடலாமா மாமா? பாதியில நின்னிருக்கணும்."

கூடவே ஓடி வந்திருந்த ஒச்சு அவர் முன்னால் குனிந்து, மாப்பிள்ளை விஷயத்தில் சம்மதம்தானே என்று மரியாதையாகக் கேட்டான். இளைத்த இளைப்பில் வீரணனின் தலை மேலும் கீழும் ஆடியது. அங்கேயே தட்டை மாற்றிவிட்டார்கள்.