தாகத்தைத் திருடின மந்திரவாதி

உங்க தாத்தாவோட தாத்தா தொட்டிலுக்குக்கூட வராத காலம். ஓணானுக்குப் பேச்சு வரும், மனுஷனுக்குத்தான் நின்னு கேட்கப் பொறுமை இருக்காது. அந்தக் காலத்திலே செம்பாறை நாடுன்னு ஒரு நாடு இருந்துச்சு. அங்கே அடிக்கிற வெயிலைச் சொல்லணும்னா, சித்திரை மாசம் பாறையிலே தோசை ஊத்தலாம். திருப்பிப் போடத்தான் ஆள் கிடைக்காது.

அந்த நாட்டிலே ஒரு வழக்கம். உச்சி வேளையிலே ராஜா நெடுமுடியன் உப்பரிகையிலே நின்னு ஒரு செம்பு மோர் குடிப்பார். அதைப் பார்த்ததும் கோட்டை வாசல் மேலே நிக்கிற தும்பை முரசு அடிப்பா. டம், டம், டம். அது காதிலே விழுந்ததும் வயல்லே இருக்கிறவங்க, சந்தையிலே இருக்கிறவங்க, கல் உடைக்கிறவங்க எல்லாரும் வேலையைப் போட்டுட்டு நிழலுக்குப் போவாங்க. வயிறு நிறையத் தண்ணி குடிப்பாங்க. வெயில் சாயற வரைக்கும் அசைய மாட்டாங்க. ஆனா ராஜா குடிக்கிறதுக்கு முன்னாடி முரசு அடிச்சா தலை போயிடும். அதுதான் சட்டம்.

தும்பையோட புருஷன் ஊருக்கு வெளியே கால்வாய் வெட்டுறவர். அவர் பேரை நான் இப்போ சொல்லப் போறதில்லை. தும்பையே சொல்ல மாட்டா. புருஷன் பேரைச் சொன்னா அவர் ஆயுசு குறையும்னு அந்த நாட்டிலே ஒரு நம்பிக்கை. "ஏங்க"ன்னா அவர் திரும்பிப் பார்ப்பார். அதுவே போதும்னு ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்க.

ராஜாவுக்கோ மழைக்கு முன்னாலே கால்வாய் முடியணும்னு அவசரம். அந்த நேரம் பார்த்து வந்தான் கானலன்னு ஒரு மந்திரவாதி. உதடு வெடிச்ச ஆளு. இடுப்பிலே ஒரு காலிக் குடுவை.

"மகாராஜா, இந்த நீலமணியைக் கழுத்திலே கட்டிக்கிட்டா வெயில் தெரியாது, தாகம் எடுக்காது. உச்சியிலேயும் ஜனங்க வேலை செய்யலாம்" அப்படின்னான்.

"விலை என்ன?"

"அவங்க தாகத்தை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க."

ராஜா சிரிச்சிட்டார். தாகத்தை வச்சுக்கிட்டு எவன் என்ன பண்ணப் போறான்? நாடு முழுக்க ஆளுக்கொரு மணி கட்டச் சொல்லிட்டார். ராஜா கழுத்திலேயும் ஒண்ணு, தும்பை கழுத்திலேயும் ஒண்ணு. கட்டின நிமிஷம் உடம்பு குளுகுளுன்னு ஆயிடுச்சு.

மறுநாள் உச்சி வந்துச்சு. தும்பை குச்சியைத் தூக்கிக்கிட்டு உப்பரிகையைப் பார்த்தா. ராஜா செம்பைக் கையிலே எடுத்தார், வேண்டாம்னு கீழே வச்சார். முரசு அடிக்கணுமா, வேண்டாமா? தும்பைக்கு ஒண்ணும் புரியலை. தூக்கின கையை இறக்கிட்டா. அன்னைக்கு நாட்டிலே யாரும் வேலையை நிறுத்தலை, யாரும் தண்ணி குடிக்கலை. கேட்டா, "குளுகுளுன்னு இருக்கே"ன்னாங்க.

அதுக்கப்புறம்தான் எல்லாம் குழம்பிச்சு. வாசல் காவல்காரன் தூணுக்குச் சலாம் போட்டு, "வாங்க தளபதி"ன்னான். என்னப்பா இதுன்னு கேட்டா, "குளுகுளுன்னு இருக்கு"ன்னான். அரண்மனைச் சமையல்காரி உலைப்பானையிலே அரிசிக்குப் பதிலா வளையலைக் கழற்றிப் போட்டா. அவளும், "குளுகுளுன்னு இருக்கு"ன்னா. ராஜா உப்பரிகையிலே நின்னு, இது நம்ம நாடா, அடுத்த நாடான்னு மந்திரியைக் கேட்டார். மந்திரி யோசிச்சுச் சொல்றேன்னு போனவர் திரும்பி வரவே இல்லை.

தும்பைக்கும் கால் தரையிலே பாவலை. கையிலே இருக்கிறது முரசுக் குச்சியா, அகப்பையான்னு சந்தேகம். முரசு எது, பானை எதுன்னு அதுக்கு மேலே சந்தேகம். சாயங்காலம் வந்தா இதையெல்லாம் அவர்கிட்டே கேட்கணும்னு நினைச்சா. எவர்கிட்டேன்னு அடுத்த நொடி மறந்துட்டா.

முரசுக்கு அடியிலே நிழல்லே ஒரு கிழட்டு ஓணான் குடியிருந்துச்சு. அது தலையை ஆட்டிக்கிட்டே கேட்டுச்சு, "ஏம்மா, உன் பேரு என்ன?"

"தும்பை" அப்படின்னா, கொஞ்சம் யோசிச்சு.

"காலையிலே என்ன சாப்பிட்டே?"

"கூழு... இல்லை, நேத்தா அது? கூழு நேத்து. இன்னைக்கு... அடுப்பு பத்த வச்சேனா?"

"சரி விடு. உன் புருஷன் பேரு?"

தும்பை வாயைத் திறந்தா. மூடினா. "அதை நாங்க சொல்றதில்லை."

"சொல்ல வேண்டாம். மனசுக்குள்ளே நினைச்சுக்கோ. வருதா?"

தும்பை தேடினா. அவர் மீசை வந்துச்சு, மண்வெட்டி வந்துச்சு, சிரிக்கும்போது சுருங்குற கண்ணு வந்துச்சு. பேரு வரலை. இத்தனை வருஷம் சொல்லாம வச்சதிலே தொலைஞ்சு போச்சா, இல்லை இப்பத்தான் தொலைஞ்சுதா? அவளுக்கே தெரியலை.

"நெத்தியைத் தொட்டுப் பாரு" அப்படின்னுச்சு ஓணான்.

தொட்டா. அடுப்புக்கல் மாதிரி சுட்டுச்சு. ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"ஆனா குளுகுளுன்னு இருக்கே?"

"சட்டியை மூடினா அடுப்பு அணைஞ்சிடுமா? மணி வெயிலைப் போக்கலை, உனக்குத் தெரியாம மறைக்குது. உங்க தாகமெல்லாம் அவன் குடுவையிலே நிறையுது. அது நிறைஞ்சா அவன் சாக மாட்டான், நீங்க பிழைக்க மாட்டீங்க."

"இதை எப்படி உடைக்கிறது?"

"தாகம் இல்லாதப்பவே தண்ணி குடிக்கணும். அவ்வளவுதான்."

தும்பை பானையிலே மொண்டு வாய்கிட்டே கொண்டுபோனா. வேண்டவே வேண்டாம்னு உடம்பு சொல்லுச்சு. கண்ணை மூடிக்கிட்டு மடக் மடக்குனு விழுங்கினா. மணி படீர்னு வெடிச்சது. வெயில் முதுகிலே அறைஞ்சது, நாக்கு வறண்டது, தலை தெளிஞ்சது. தொலைஞ்ச பேரும் திரும்பி வந்துச்சு. கூடவே பயமும் வந்துச்சு. சும்மா நின்ன தனக்கே இந்தக் கதின்னா, வெட்டவெளியிலே கால்வாய் வெட்டுற அவர் என்ன ஆனாரோ?

ராஜா குடிக்கலை. அடிச்சா தலை போகும், அடிக்கலைன்னா புருஷனே போயிடுவார். தலை போனா போகுதுன்னு தும்பை குச்சியை ஓங்கினா. டம், டம், டம்.

இங்கேதான் விஷயம் இருக்கு, கேளுங்க. ஜனங்க புத்தி குழம்பியிருந்துச்சு, ஆனா கைக்கு முரசு மறக்கலை. சத்தம் கேட்டதும் கால் தானா நிழலுக்குப் போச்சு, கை தானா செம்பை எடுத்துச்சு, வாய் தானா குடிச்சுச்சு. படீர், படீர், படீர்னு நாடு முழுக்க மணி வெடிச்சது. உப்பரிகையிலே ராஜா கையும் பழக்கத்திலே மோர்ச் செம்பைத் தூக்கிடுச்சு. அந்த மணியும் வெடிச்சது.

கானலனோட குடுவை விரிசல் விட்டு உடைஞ்சது. ஒரு நாட்டுத் தாகம் மொத்தமும் அவன் ஒருத்தன் தொண்டையிலே இறங்கிடுச்சு. "தண்ணி, தண்ணி"ன்னு ஓடினான். கோடையிலே தூரத்துலே ரோட்டு மேலே தண்ணி மாதிரி மினுங்குதே, அதைத் துரத்திக்கிட்டு இன்னும் ஓடுறான்.

தும்பை அவனைத் திரும்பிப் பார்க்கலை. கால்வாய்க்கு ஓடினா. அங்கே எல்லாரும் நிழல்லே இருக்க, ஒருத்தர் மட்டும் வெயில்லே மண்ணிலே கிடந்தார். முரசு கேட்கிறதுக்கு முன்னாலேயே விழுந்திருந்தார். கழுத்திலே மணி அப்படியே இருந்துச்சு.

ஒருத்தன் அவர் வாயிலே தண்ணி ஊத்தப் போனான். தும்பை கையைத் தட்டி விட்டா. "நினைவு இல்லாதவருக்கு ஊத்தாதே, புரை ஏறிடும். முதல்லே நிழலுக்குத் தூக்கு."

தூக்கினாங்க. துண்டை நனைச்சுக் கழுத்திலேயும் அக்குளிலேயும் வச்சாங்க, உடம்பெல்லாம் தண்ணி தெளிச்சாங்க, பனையோலையாலே விசிறினாங்க. "ஏங்க, ஏங்க"ன்னு தும்பை உலுக்கினா. அவர் கண்ணைத் திறக்கலை. பேரைச் சொன்னா ஆயுசு குறையுமாம். சொல்லாமலே ஆயுசு முடியப் போகுதே. தும்பை அழுதுக்கிட்டே கூப்பிட்டா.

"ஆவுடையப்பா!"

கண் இமை அசைஞ்சது. "யாரு... யாரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது?"

"நான்தாங்க."

"நீயா? இது கனவா, நிஜமா?"

"முதல்லே இதைக் குடிங்க. அப்புறம் குழம்பிக்கலாம்."

சின்னச் சின்ன மடக்கா குடிச்சார். அந்தக் கடைசி மணியும் வெடிச்சது.

அதுக்குள்ளே ராஜா வேர்க்க விறுவிறுக்க வந்து நின்னார். "நான் குடிக்கிறதுக்கு முன்னாடி முரசு அடிச்சது யாரு?"

"நான்தான் மகாராஜா. தலையை எடுத்துக்கோங்க. அவருக்கு மட்டும் விசிறிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."

ராஜாவுக்கு வெட்கமாப் போச்சு. ஓலையை வாங்கித் தானே விசிறினார். "முரசு இனிமே எனக்காகக் காத்திருக்க வேண்டாம் தும்பை. வெயில் ஏறினா அடி. எனக்குத் தாகம் இல்லாட்டியும் அடி."

அன்னையிலேருந்து முரசு ஓய்ஞ்சதும் ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். பதில் தடுமாறினா உடனே நிழலுக்குத் தூக்கணும். தும்பையும் கோட்டை மேலே நின்னு, "ஆவுடையப்பா"ன்னு நாடே கேட்கக் கூப்பிடுவா. ஆயுசு குறையும்னாங்களே, பல்லெல்லாம் கொட்டித் தடி ஊன்றின பிறகும், ஒவ்வொரு உச்சியிலேயும் கால்வாய்க் கரையிலிருந்து "இருக்கேன் தும்பை"ன்னு பதில் வந்துக்கிட்டே இருந்துச்சு.